ஹைட்ரோமீட்டரில் 42, லேசரில் 13: கண்மாய் மண்ணில் களி எவ்வளவு?

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் எடுத்த மண்ணை இரண்டு விதமாக அளந்திருக்கிறீர்கள். உங்கள் துறையில் ஹைட்ரோமீட்டர் (மண் கலக்கிய தண்ணீரில் மிதக்கவிட்டு அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது களி, அதாவது மண்ணின் மிக நுண்ணிய துகள், 42 சதவீதம். அதே மண்ணை வேறொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி லேசர் கருவியில் பார்த்தபோது 13 சதவீதம். எது சரி, துறைக்குப் பணம் வந்திருக்கும் இந்த நேரத்தில் எந்தக் கருவியை வாங்கச் சொல்லலாம் என்று கேட்கிறீர்கள். எனக்கு என்னவோ அந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவது கேள்வி ஒன்று ஒளிந்திருப்பதாகப் படுகிறது: ஒரே மண்ணில் ஒரே பொருளை அளந்தால் விடை எப்படி மூன்று மடங்கு மாறும்? அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் மண் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் நான். சல்லடை, பிப்பெட் (கலங்கலைக் குறித்த ஆழத்தில் உறிஞ்சி எடுக்கும் குழாய்), ஹைட்ரோமீட்டர் மூன்றும் கைப்பழக்கம். லேசர் கருவியோடு பிற்பாடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். எக்ஸ் கதிர் வைத்துப் படிதலை அளக்கும் கருவியை மற்றவர்கள் இயக்கப் பார்த்தேனே தவிர, நானே இயக்கியதில்லை. உங்கள் மண்ணையும் நான் தொட்டுப் பார்க்கவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தக் கருவிகள் எதுவும் துகளின் விட்டத்தை நேராக அளப்பதில்லை. சல்லடை, இந்தக் கண்ணி வழியாக இது போகுமா போகாதா என்று மட்டும் சொல்லும். ஹைட்ரோமீட்டரும் பிப்பெட்டும் துகள் தண்ணீரில் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதைச் சொல்லும். லேசர், ஒளி துகளில் பட்டு எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும். அப்புறம் மூன்றுமே, "இப்படி நடந்துகொள்ளும் ஓர் உருண்டையின் விட்டம் என்ன?" என்று கணக்குப் போட்டு ஒரு எண்ணை நீட்டும். துகள் உண்மையிலேயே உருண்டையாக இருந்தால் மூன்று எண்ணும் ஒன்றாகத்தான் வரும். கண்ணாடி மணிகளை வைத்துச் சோதித்தால் வரவும் செய்யும். களித்துகள் உருண்டை இல்லை, அது அப்பளம். அப்பளம் தண்ணீரில் மெதுவாக இறங்கும். அதே கன அளவுள்ள உருண்டையைவிடத் தாமதமாக இறங்குவதால் ஹைட்ரோமீட்டர் அதைச் சின்னது என்று எண்ணிக்கொள்ளும். லேசர் முன்னால் அது புரண்டு புரண்டு ஓடும்போது அதன் அகன்ற முகமும் ஒளியில் படும், அதனால் லேசர் அதைப் பெரியது என்று எண்ணிக்கொள்ளும். ஒன்று கீழே இழுக்கிறது, மற்றது மேலே இழுக்கிறது. நடுவில் இடைவெளி விழுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இது சந்தேகமில்லாத பகுதி. களி மிகுந்த மண்ணில் லேசர் களியைக் குறைத்துக் காட்டும் என்பதை நெடுங்காலமாகப் பல ஆய்வுக்கூடங்கள் பார்த்துவிட்டன.

ஆனால் இடைவெளி முழுவதையும் அப்பளத்தின் தலையில் கட்ட முடியாது. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன வரி: "40 வினாடியில் ஒரு அளவு, 2 மணி நேரத்தில் ஒரு அளவு எடுத்தேன்." இது பூயுகோஸ் என்பவர் 1927இல் வெளியிட்ட ஹைட்ரோமீட்டர் முறையின் சுருக்க வழி. பாடப்புத்தகங்களில் இன்னமும் இருக்கிறது, ஒரே நாளில் முப்பது மாதிரி முடிக்க வேண்டிய மண் பரிசோதனைக் கூடங்களுக்கு வசதியானதும்கூட. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் துறையில் களி என்றால் 2 மைக்ரானுக்குக் கீழ்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, 2.65 அடர்த்தியுள்ள 2 மைக்ரான் உருண்டை 20 டிகிரி தண்ணீரில் 10 செ.மீ. இறங்கச் சுமார் 7 மணி 45 நிமிடம் ஆகும். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் அதன் பிசுபிசுப்பு குறைந்து சுமார் 6 மணி 10 நிமிடத்தில் இறங்கிவிடும். ஹைட்ரோமீட்டர் அளக்கும் ஆழமோ 10 செ.மீ.யைவிட அதிகம். 152எச் வகையில் உங்கள் 42 சதவீதத்துக்கு உரிய 21 என்ற அளவில் அது மிதக்கும்போது, கணக்கில் வரும் ஆழம் கிட்டத்தட்ட 13 செ.மீ. அந்த ஆழத்தில் 2 மணி நேரத்துக்குப் பிறகு தொங்கிக்கொண்டிருப்பவை 2 மைக்ரானுக்குக் கீழானவை மட்டுமல்ல, 4 முதல் 4.5 மைக்ரான் வரை உள்ளவையும் சேர்த்துத்தான். 2 மைக்ரான் எல்லைக்கு வர வேண்டுமானால் 30 டிகிரியில் சுமார் 8 மணி நேரமும், 20 டிகிரியில் சுமார் 10 மணி நேரமும் காத்திருக்க வேண்டும்.

ஆக உங்கள் 42 என்பது "2 மைக்ரானுக்குக் கீழ்" இல்லை. அது "ஏறக்குறைய 4 மைக்ரானுக்குக் கீழ்". இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வென்ட்வொர்த் 1922இல் வகுத்த அளவுகோலைப் பின்பற்றும் ஜியாலஜிக்காரர்களுக்குக் களி என்றாலே 4 மைக்ரானுக்குக் கீழ்தான், துல்லியமாக 3.9. நீங்கள் அந்தத் துறையில் இருந்திருந்தால் தெரியாமலே சரியான எல்லைக்குப் பக்கத்தில் அளந்திருப்பீர்கள். வேளாண் துறைக்கும் சிவில் பொறியாளர்களுக்கும் எல்லை 2 மைக்ரான். மேல்பக்கம் போனால் இவர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. அமெரிக்க வேளாண் முறையில் வண்டல் (களிக்கு அடுத்த பருமனுள்ள துகள்) 50 மைக்ரானில் முடிகிறது, பன்னாட்டு மண்ணியல் முறையில் 20இல் முடிந்துவிடுகிறது, நம் ஐ.எஸ். தர நிர்ணயத்தில் 75 வரை நீள்கிறது. ஊரில் கண்மாய்க்குள் கிடப்பதையெல்லாம் வண்டல் என்றே சொல்கிறோம். ஆனால் டிராக்டரில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோகும் அந்த வண்டலை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி களியாக இருப்பதுண்டு. ஆய்வேட்டில் எந்த முறையின் எல்லையைப் பின்பற்றினீர்கள் என்று எழுதாவிட்டால், படிப்பவர் தன் துறையின் எல்லையை வைத்துத்தான் படிப்பார்.

ஹைட்ரோமீட்டர் பக்கம் இன்னும் இரண்டு கேள்வி. பிளாங்க் வைத்தீர்களா? அதாவது மண் இல்லாமல், களியைப் பிரிக்கச் சேர்க்கும் ரசாயனம் அதே அளவு கலந்த தண்ணீர் மட்டும் உள்ள இன்னொரு சிலிண்டர். 50 கிராம் மண்ணுக்கு ஹைட்ரோமீட்டரில் ஒரு கோடு பிசகினால் 2 சதவீதம் பிசகும். ரசாயனத்தின் எடையால் பிளாங்க்கே 5 காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கழிக்காதவர் களியை 10 சதவீதம் கூட்டி எழுதிவிடுவார். இரண்டாவது, "அறை வெப்பநிலை" என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதச் சிவகங்கையிலும் டிசம்பர் மாத ஊட்டியிலும் அறை இருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் கோடு போட்டது 20 டிகிரிக்கு. 30 டிகிரியில் தண்ணீர் லேசாகிவிடுவதால் அளவு மூன்றரைக் கோடு வரை குறைவாகக் காட்டும். அது களியில் 7 சதவீதம். ஒரு பிழை கூட்டும், இன்னொன்று குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தற்செயலாகச் சரியான எண் வருவதும் உண்டு, அதை நம்பிப் பட்டம் வாங்க முடியாது. பக்கத்திலேயே பிளாங்க் வைத்து ஒவ்வொரு முறையும் அதையும் அளந்து கழித்தால் இந்த இரண்டு தொல்லையும் தீரும். காத்திருக்கும் நேரத்தை மட்டும் வெப்பநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, கருவிகளைவிட எண்ணை அதிகம் புரட்டிப்போடும் விஷயம். மண்ணைத் துகள் துகளாகப் பிரித்தீர்களா என்பது. களித்துகள்கள் கரிமப் பொருளாலும் சுண்ணாம்பாலும் இரும்பு ஆக்சைடாலும் ஒட்டிக்கொண்டு கட்டியாக இருக்கும். கட்டி உடையாவிட்டால் எந்தக் கருவியாக இருந்தாலும் கட்டியைத்தான் அளக்கும். கண்மாய் மண்ணில் கரிமப் பொருள் தாராளமாக இருக்கும் என்பதால் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு நுரை அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் பீக்கர் பொங்கி மேசை முழுக்கச் சேறாகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது. பிறகு துகள்களை ஒட்டாமல் பிரித்து வைக்கச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட், பலர் வாயில் கால்கன். மண் சோதனைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2720 நான்காம் பகுதி சொல்வது, அதில் 33 கிராமும் சோடியம் கார்பனேட் 7 கிராமும் சேர்த்து ஒரு லிட்டர். அந்த 7 கிராம் கார்பனேட் சும்மா இல்லை. தனி ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல் நாளாக ஆகச் சிதைந்து சாதாரண பாஸ்பேட்டாகிச் சக்தியிழக்கும். காரத்தன்மை அதைத் தாமதப்படுத்துகிறது. கார்பனேட் சேர்க்காவிட்டால் மாதம் ஒரு முறையாவது புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை நான் இருந்த கூடத்தில் ஒரு வாரம் முழுக்க எல்லா மாதிரியிலும் களி சரிந்து போனது. ஹைட்ரோமீட்டரில் விரிசலா, தராசில் கோளாறா என்று தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், வாலை வடித்த தண்ணீர் தீர்ந்துபோய் உதவியாளர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் களியைத் திரள வைத்துவிட்டன. திரண்ட களியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். அரை மணி நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், கீழே பஞ்சு மாதிரிக் கூட்டம், நடுவில் கோடு கிழித்தது போல எல்லை. நன்றாகப் பிரிந்த களி அப்படித் தெளியாது, மறுநாள் வந்து பார்த்தாலும் மேலே கலங்கலாகவே இருக்கும். கடல் ஓரத்திலோ உப்பங்கழியிலோ மாதிரி எடுப்பவர்கள் உப்பைக் கழுவாமல் தொடங்கினால் இதே கதைதான்.

லேசர் பக்கத்துக்கு வருவோம். 13 சதவீதம் தந்த கூடத்திடம் நான்கு விஷயம் கேளுங்கள். கால்கன் சேர்த்து இரவு முழுக்கக் குலுக்கினார்களா, அல்லது காய்ந்த மண்ணைத் தண்ணீரில் போட்டுச் சில நிமிடம் அல்ட்ராசானிக் மட்டும் கொடுத்தார்களா? அதற்கு முன் 105 டிகிரி அடுப்பில் மண்ணை உலர்த்தினார்களா? உலர்த்தினால் சில களிகள் மறுபடி முழுசாகப் பிரியாது. ஒளிச் சிதறலைத் துகள் அளவாக மாற்றும் கணக்குக்கு மீ கோட்பாடா, ஃப்ரான்ஹோஃபர் கோட்பாடா? மீ என்றால் ஒளிவிலகல் எண்ணும், அதைவிட முக்கியமாக ஒளி உட்கவர்தல் எண்ணும் என்ன போட்டார்கள்? 0.01 போடுவதற்கும் 0.1 போடுவதற்கும் பெருமணலில் ஒன்றும் ஆகாது, களி எல்லைக்குள் வளைவரையே (எந்த அளவுக்குக் கீழ் எத்தனை சதவீதம் என்று காட்டும் கோடு) மாறும். அந்த எண்ணைப் பெரும்பாலானவர்கள் மென்பொருளில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. லேசருக்குள் போவது ஒரு கிராம்கூட இருக்காது. ஒரு கிலோ மண்ணிலிருந்து அந்தச் சிட்டிகையை எப்படி எடுத்தார்கள் என்பது மணல் கலந்த மாதிரியில் பெரிய வித்தியாசம் செய்யும். புட்டியைத் தட்டி மேலே இருப்பதை ஸ்பூனில் அள்ளினால், கீழே இறங்கிய நுண்துகள் புட்டியிலேயே தங்கிவிடும். ஈரச் சேறாகக் குழைத்து அதிலிருந்து எடுப்பதே நல்லது.

லேசர் அறிக்கையில் முழு வளைவரை இருக்கும். அதில் 2 மைக்ரானுக்குப் பதில் 8 மைக்ரானுக்குக் கீழ் எவ்வளவு என்று பாருங்கள். ஏன் 8 என்றால், ஆம்ஸ்டர்டாமில் கோனர்ட், வாண்டன்பெர்க் இருவரும் லேசரையும் பிப்பெட்டையும் ஒப்பிட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிப்பெட்டின் 2 மைக்ரான் எல்லைக்கு லேசரில் சமமாக நிற்பது 8 மைக்ரான் என்று வந்தது. பல கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. உங்கள் வளைவரையில் 8 மைக்ரானுக்குக் கீழ் முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. ஆனால் இது என் ஊகம், அப்படியே எடுத்து ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். அந்த 8 என்பது இயற்கை விதி அல்ல. களிக் கனிமம் எது, தகடு எவ்வளவு மெல்லியது, கருவி எந்த மாடல், உட்கவர்தல் எண் என்ன என்பதையெல்லாம் பொறுத்து 4 ஆகலாம், 6 ஆகலாம். கரிசல் மண்ணின் ஸ்மெக்டைட்டும் செம்மண்ணின் கயோலினைட்டும் ஒரே அளவு தட்டையானவை அல்ல. உங்கள் கண்மாய்க்கு எது சரி என்பதை உங்கள் மண்ணிலேயே பதினைந்து இருபது மாதிரிக்குப் பிப்பெட்டும் லேசரும் இணையாகச் செய்துதான் கண்டுபிடிக்க முடியும். குறுக்கு வழி கிடையாது.

சல்லடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மூன்றிலும் சாது அதுதான். 75 மைக்ரானுக்கு மேல் சல்லடை, அதற்குக் கீழ் படிதல் என்பது நம்மூர்ப் பழக்கம். ஈரமாக வைத்துக் கழுவிச் சலித்துவிட்டு மேலே தங்கியதை உலர்த்தி மறுபடி சலியுங்கள். உலர்ந்த களிமண்ணை நேராகச் சலித்தால் கட்டிகளெல்லாம் மணல் கணக்கில் சேர்ந்துவிடும். கண்ணியில் மாட்டிய மணியை ஊசியால் குத்தி எடுக்கும் பிள்ளைகள் எல்லாக் கூடத்திலும் உண்டு, ஒரு குத்துக்கு ஒரு சல்லடை போச்சு என்று சொல்லி வையுங்கள். பின்புறமாகத் திருப்பி மென்மையான பிரஷ்ஷால் தட்டினாலே விழும்.

காசில்லாத கருவி ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணை நீர் விட்டுப் புட்டு மாவு பதத்தைத் தாண்டிச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகப் பிதுக்குங்கள். உடையாமல் 5 செ.மீ. தாண்டி நீண்டால் களி 40 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இரண்டரை செ.மீ. வருவதற்குள் அறுந்தால் 27க்குக் கீழ். இது துல்லியமான அளவு இல்லைதான். ஆனால் 42க்கும் 13க்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல இதுவே போதும். 13 சதவீதக் களியில் நீளமான நாடா வராது. அந்தக் கண்மாய் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த வெடிப்பும் 13 என்ற எண்ணோடு ஒத்துப்போகவில்லை.

கருவி வாங்குவது பற்றி. என் கருத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு அனுபவம் உள்ளவர்கள் வேறு சொல்வார்கள். வருடத்துக்கு நூறு மாதிரிக்குள் என்றால், லேசருக்கு லட்சக்கணக்கில் கொட்டுவதைவிட நல்ல சல்லடை அடுக்கு ஒன்று, பிப்பெட்டும் அதற்கான தாங்கியும், ஒரு டஜன் ஒரு லிட்டர் சிலிண்டர், வெயில் படாத மூலையில் ஒரு நீர்த்தொட்டி, 0.1 மில்லிகிராம் படிக்கும் தராசு, நம்பகமான வாலை வடிகலன் ஆகியவற்றை வாங்கச் சொல்வேன். மணல், வண்டல், களி விகிதத்தை வைத்து மண்ணுக்குப் பெயர் சொல்லும் மண் நய முக்கோணமும் பழைய மண் வரைபடங்களும் படிதல் முறை எண்களின் மேல் எழுந்தவை, அவற்றோடு ஒப்பிட லேசர் எண் நேராக உதவாது. தராசில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 10 கிராம் மண்ணை ஒரு லிட்டரில் கலக்கி 25 மி.லி. உறிஞ்சினால், 40 சதவீதக் களிக்கு உங்கள் தட்டில் நிற்பது 0.1 கிராம்தான். 5 சதவீதக் கால்கன் கரைசல் 10 மி.லி. சேர்த்திருந்தால் அந்த 25 மி.லி.யிலேயே 0.0125 கிராம் கால்கனும் இருக்கும். அதைக் கழிக்க மறந்தால் 40 என்பது 45 ஆகிவிடும்.

ஆனால் தரைக்குள் குழாயை இறக்கி எடுத்த ஒரே குழாய்மாதிரியைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி முந்நூறு துண்டு அளக்கப் போகிறீர்கள், எந்த ஆழத்தில் வெள்ளம் வந்து மண் பருமனானது என்று தேடுகிறீர்கள் என்றால் லேசருக்கே என் ஓட்டு. அங்கே உண்மையான எண்ணைவிட ஒரே மாதிரியான எண் முக்கியம். சில நிமிடத்துக்கு ஒரு மாதிரி என்ற வேகத்தை எந்தப் பிப்பெட்டும் தராது. வாங்கும்போது கருவி விலையோடு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எவ்வளவு, கருவிக்குள் ஒளி போகும் ஜன்னல் கண்ணாடி கீறினால் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும், உங்கள் பகுதி மண் ஐந்து கிலோவைச் சலித்து, கலந்து, டப்பாவில் அடைத்து வையுங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் அதிலிருந்து ஒன்றை ஓட்டுங்கள். அதன் எண் திடீரென்று நகர்ந்தால் கண்மாயைச் சந்தேகப்படும் முன் கால்கன் புட்டியில் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது என்றால்: அந்தக் கண்மாய் மண்ணில் மூன்று மாதிரி, பெராக்சைடு போட்டு, புதுக் கால்கனில் இரவு முழுக்கக் குலுக்கி, பிளாங்க்கோடு ஹைட்ரோமீட்டரில் வையுங்கள். 2 மணி நேர அளவோடு நிறுத்தாமல் 8 மணி நேரத்திலும் ஒன்று எடுங்கள். தண்ணீரின் வெப்பநிலையைத் தெர்மாமீட்டர் வைத்து இரண்டு முறையும் குறியுங்கள். லேசர் அறிக்கையின் முழு அட்டவணையையும் அதோடு சேர்த்து இங்கே போட்டால், மேலே ஊகம் என்று சொன்னதில் எது நின்றது, எது விழுந்தது என்று பார்க்கலாம்.